நல்லேர் பூட்டுவது போல ஒரு பழக்கம்: சித்திரை ஒன்றில் தொடங்கி ஆண்டு முழுதும் நிலைநிறுத்தும் வழிமுறை

என் அலமாரியின் கீழ்த்தட்டில் பதினொரு டைரிகள் இருக்கின்றன. எல்லாமே ஏதேனும் ஒரு கடை ஆண்டுப் பிறப்பை ஒட்டி இலவசமாகக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் ஜனவரி முதல் தேதிப் பக்கம் அழகான கையெழுத்தில் நிரம்பியிருக்கிறது; ஒன்பது, பத்துத் தேதிகளுக்குப் பிறகு வெறுந்தாள்தான். ஒரே ஒரு டைரியில் மட்டும் பிப்ரவரிப் பக்கங்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன; அது என் மனைவி எழுதிய பால் கணக்கு. ஆரம்பசூரத்தனம் என்று இதற்குத் தனியாக ஒரு சொல்லையே தமிழ் வைத்திருப்பதால், இந்த நோய் எனக்கு மட்டும் வந்ததன்று என்று தேற்றிக்கொள்கிறேன்.

அந்த டைரிகளுக்குப் பின் சில ஆண்டுகளாக நான் கடைப்பிடித்துவரும், ஓரளவு பலன் தந்திருக்கும் ஒரு முறையை இங்கே எழுதுகிறேன். அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது மனைவியின் ஊர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் அது. தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் கரிசல் ஊர்கள் பலவற்றில் சித்திரை முதல் நாள் நல்லேர் பூட்டுவார்கள். பொன்னேர் என்றும் சொல்வதுண்டு. விடிந்ததும் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பில் பூச்சுற்றி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து ஓட்டி வருகிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள் குறைந்துவிட்டதால் இப்போது டிராக்டர்களுக்கும் அதே மரியாதை நடக்கிறது. நார்ப்பெட்டியில் கொண்டுவந்த தானியத்தை நிலத்தில் தூவி, கும்பிட்டு, எல்லா ஏர்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சில சுற்றுகள் உழுகின்றன. அவ்வளவுதான். நான் சட்டையின் கையை மடித்துவிட்டுக் காத்திருக்கையில் எல்லோரும் ஏரை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பத் தொடங்கிவிட்டார்கள்.

“என்ன மாமா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?” என்று மனைவியின் சித்தப்பாவிடம் கேட்டேன்.

“இன்னைக்கு இம்புட்டுத்தான் மாப்ள. மண்ணத் தொட்டாச்சுல்ல, இனி மழை பெய்யப் பெய்யப் பாத்துக்கிருவோம்” என்றார்.

முதல் நாளிலேயே நிலம் முழுவதையும் உழுதுவிட வேண்டும் என்று எந்தச் சம்சாரியும் (விவசாயியை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) நினைப்பதில்லை. உழவுக்கும் விதைப்புக்கும் இடையில் மாதங்கள் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். நம்முடைய புத்தாண்டுச் சபதங்களோ உழுவது, விதைப்பது, அறுப்பது ஆகிய மூன்றையும் முதல் வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கின்றன.

எந்தப் புத்தாண்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

தேதிக்கு என்று தனியாக ஒரு வலு இருக்கத்தான் செய்கிறது. ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்திலும் பிறந்தநாளை ஒட்டியும் மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவதும் உணவுக் கட்டுப்பாடு குறித்து இணையத்தில் தேடுவதும் கூடுவதைக் காட்டியது. காலத்தின் நடுவே ஒரு வரப்பு விழுந்துவிட்டால், அந்தப் பக்கம் நிற்கும் பழைய ஆள் வேறு, இந்தப் பக்கம் நிற்கும் நான் வேறு என்று நம்ப மனம் தயாராகிவிடுகிறது. அந்த நம்பிக்கை பொய்தான் என்றாலும் தொடக்கத்துக்குத் தேவையான பொய்.

நான் ஜனவரியை விட்டுச் சித்திரைக்கு மாறியதற்குக் காரணம் நடைமுறை சார்ந்தது. ஜனவரி முதல் தேதி மார்கழியின் நடுவே வருகிறது. தொடங்கிய பழக்கம் இரண்டு வாரம்கூட நிறையாத நிலையில் பொங்கல் விடுமுறையும் ஊர்ப்பயணமும் வந்து அதைக் கலைத்துவிடுகின்றன. சித்திரை ஒன்று, அதாவது ஏப்ரல் 14-ஐ ஒட்டிய நாள், அப்படியன்று. மார்ச் 31-இல் நிதியாண்டு முடிந்திருக்கும். வருமான வரிக்காக எப்படியும் பழைய தாள்களைத் தேடியெடுக்க வேண்டியிருக்கும். பிள்ளைகளின் தேர்வுகள் முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். அதன் பிறகு ஆடி வரைக்கும், கல்யாண வீடுகளும் ஊர்க் கொடை விழாவும் தவிர, நாள்கணக்கில் வீட்டைப் புரட்டிப்போடும் பெரிய பண்டிகை ஏதுமில்லை.

தையா சித்திரையா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் தமிழ்நாடு அரசு சட்டம் இயற்றியதும், 2011-இல் அடுத்த அரசு அதைத் திரும்பப் பெற்றதும் நாம் அறிந்தவை. தை முதல் நாளில் தொடங்க விரும்புபவர்கள் பொங்கல் முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளை எடுத்துக்கொண்டாலும் பின்வரும் முறையில் மாற்றம் ஏதுமில்லை.

பங்குனிக் கடைசியில் கணக்கை முடியுங்கள்

புதிய தொடக்கம் என்றால் பழையதைத் துடைத்தெறிவது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். வியாபாரிகளுக்கு இந்த மயக்கம் கிடையாது. சித்திரை ஒன்றில் புதுக்கணக்குப் போடும் மளிகைக் கடையில் ஒருமுறை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நீள நோட்டின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டு, லாபம் என்று எழுதி, சாம்பிராணி காட்டிய கையோடு கடைக்காரர் எழுதிய முதல் வரி ‘முன் பாக்கி’ என்பதுதான். எவ்வளவு மங்கலமாகத் தொடங்கினாலும், சென்ற ஆண்டு சரக்கெடுத்துப் பணம் தராதவரின் பெயர் புதிய நோட்டிலும் வந்தே தீர வேண்டும். வராவிட்டால் நட்டம் கடைக்காரருக்குத்தான்.

ஆகவே பங்குனியின் கடைசிப் பத்து நாட்களில், ஓர் இரவுக்கு அரைமணி நேரம் வீதம் நான்கு இரவுகளை ஒதுக்குங்கள். ஒரு சாதாரண நோட்டில் பணம், உடம்பு, நேரம், மனிதர்கள் என்று நான்கு தலைப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கம் வரவும் வலப்பக்கம் பற்றும் எழுதுங்கள். சித்திரை முதல் நாளில் கோயிலில் வாசிக்கும் பஞ்சாங்கத்தில், ஒவ்வொரு ராசிக்கும் வரப்போகும் ஆண்டின் ஆதாயமும் விரயமும் எண்களாகவே இருக்கும். நமக்கு இப்போது வேண்டியது கழிந்த ஆண்டின் ஆதாய விரயம்.

இதில் கவனிக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று. நடந்ததை எழுத வேண்டும். நம்மைப் பற்றிய தீர்ப்பை எழுதக் கூடாது. ‘சோம்பேறியாகவே இருந்துவிட்டேன்’ என்பது கணக்கு ஆகாது, அது புலம்பல். ‘ஆடிக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை பரிசோதிக்கவில்லை’ என்பது கணக்கு. ‘பணம் கையில் நிற்பதே இல்லை’ என்று எழுதினால் அடுத்த ஆண்டும் அதையேதான் எழுதுவீர்கள். அதற்குப் பதிலாக, வங்கிக் கணக்கின் மூன்று மாத விவரத்தை எடுத்து, கைப்பேசி வழியாகப் போன தொகைகளைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை எந்த அறிவுரையைக் காட்டிலும் தெளிவாகப் பேசும். நேரத்துக்கும் அப்படித்தான்: எந்தச் செயலியில் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்பதைக் கைப்பேசியின் அமைப்புப் பகுதியே காட்டிவிடும். நான் முதன்முறை அதைப் பார்த்தபோது எண் தவறு என்றே நினைத்தேன். ஒரு வாரம் கவனித்த பிறகு என் நினைப்புத்தான் தவறு என்று புரிந்தது.

மனிதர்கள் என்ற பக்கம்தான் கடினமானது. யாருடைய துக்கத்துக்குப் போகாமல் விட்டோம், யார் அழைத்தபோது ‘பிறகு பேசுகிறேன்’ என்று சொல்லிவிட்டு மறந்தோம், எந்த அண்ணனோடு எந்தச் சொத்துப் பேச்சில் முகம் முறிந்தது என்பவை எல்லாம் பற்றில் வரும். வரவுப் பக்கத்தையும் காலியாக விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருந்தவர், கேட்காமலே நகையைக் கழற்றிக் கொடுத்தவர், பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டுக்காரர் என்று எழுத எழுத அது நீளும். என் அனுபவத்தில், இந்த ஒரு பக்கத்தை எழுதி முடித்தவர்களுக்கு அந்த ஆண்டில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்

நான்கு பக்கங்களையும் படித்துப் பார்த்தால் பத்துச் சபதங்களாவது எடுக்கத் தோன்றும். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றை முன் பாக்கியாகவே விட்டுவைப்பதுதான் இந்த முறையில் மிகவும் சிரமமான படி. நடைப்பயிற்சி, புத்தக வாசிப்பு, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுதல் என்ற மூன்றும் தனித்தனி நற்பழக்கங்களாகத் தெரிந்தாலும், நடைமுறையில் மூன்றும் இரவு உணவுக்குப் பிந்திய அதே அரைமணி நேரத்துக்குத்தான் போட்டியிடுகின்றன. போட்டியில் மூன்றும் தோற்க, தொலைக்காட்சி வெல்லும்.

தேர்ந்தெடுத்ததை ஒரு செயலாக, இடமும் நேரமும் உள்ள ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். ‘இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்பவர்கள், வெறும் விருப்பத்தோடு நின்றுவிடுபவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விளக்கியிருக்கிறார். நம் வீடுகளில் இது புதிதன்று. வாசல் தெளித்ததும் கோலம், குளித்ததும் திருநீறு, பொழுது சாய்ந்ததும் விளக்கு என்று பாட்டிமார் நடத்திய நாளில், எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இருந்ததில்லை. முந்தைய வேலை அடுத்த வேலையைக் கூப்பிட்டுக்கொள்ளும். புதிய பழக்கத்தையும் அப்படி ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையின் வாலில் கட்டிவிட வேண்டும்.

‘உடம்பைக் கவனிக்க வேண்டும்’ என்பதை ‘காலையில் காப்பி குடித்த டம்ளரைக் கழுவி வைத்ததும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்வருவேன்’ என்று மாற்றுங்கள். ‘சேமிக்க வேண்டும்’ என்பதை ‘சம்பளம் வந்த அன்றே அஞ்சலகத் தொடர் வைப்பில் கட்டுவேன்’ என்று எழுதுங்கள்; மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டக்கூடிய, 5 ஆண்டு நடக்கும் கணக்கு அது. ‘அம்மாவிடம் அடிக்கடி பேச வேண்டும்’ என்பது ‘ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டு முடித்ததும் மொட்டைமாடியிலேயே நின்று அம்மாவை அழைப்பேன்’ என்று ஆகட்டும்.

அளவு எவ்வளவு என்று கேட்டால், காய்ச்சல் விட்ட மறுநாள்கூடச் செய்யக்கூடிய அளவு என்பேன். எழுதிய பிறகு படித்துப் பார்க்கையில் சற்று வெட்கமாக இருக்க வேண்டும். இதைப் போயா புத்தாண்டுச் சபதம் என்று வெளியில் சொல்வது என்று தோன்றினால், அளவு சரி.

நான் முதலில் எடுத்துக்கொண்டது வீட்டுச் செலவை அன்றாடம் எழுதுவது. ‘இரவு சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்ததும், அடுக்களை மேடையருகே நின்றபடியே, மூன்று வரிக்கு மிகாமல் எழுதுவேன்’ என்பது என் வாக்கியம். முதல் வாரத்திலேயே இது இடறியது. நோட்டு படுக்கையறையில் இருந்தது. எடுக்கப் போனவன் அங்கேயே படுத்துவிட்டேன். நோட்டை அடுக்களைக்குக் கொண்டுவந்தால் பேனாவைப் பிள்ளைகள் எடுத்துப்போய்விட்டார்கள். கடைசியில் நோட்டின் ஓரத்தில் துளையிட்டு, அஞ்சல் நிலையத்தில் பேனாவைக் கட்டிவைத்திருப்பது போலச் சணல் கயிற்றால் பேனாவைக் கட்டி, மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன். இன்றும் அங்கேதான் தொங்குகிறது, ஓரங்களில் எண்ணெய்ப் பிசுக்கோடு. மன உறுதி குறைவு என்று நாம் நினைக்கும் பல இடங்களில் உண்மையில் குறைவாக இருப்பது ஒரு முழம் சணல்தான்.

ஒரு பழக்கத்தை விடுவதானால், அது இருந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். இரவில் கைப்பேசியைப் பார்ப்பதை விட விரும்புபவர், மின்னேற்றியைக் கூடத்துக்கு மாற்றிவிட்டுப் படுக்கையருகே அலாரக் கடிகாரத்தையும் ஒரு வார இதழையும் வைத்துக்கொள்ளலாம். குடியை விடுவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்தவர், புத்தாண்டு பிறக்கிறது என்று ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கத்தோடு நில்லாமல் வலிப்பும் குழப்ப நிலையும் வர வாய்ப்புண்டு. ஆதலால் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்லும் முறையிலேயே நிறுத்த வேண்டும். நான்கு பக்கக் கணக்கை எழுத உட்காரும்போது, எழுத முடியாத அளவுக்கு மனம் வெறுமையாகவோ வாழ்வே வேண்டாம் என்றோ தோன்றினால், நோட்டை மூடிவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது மனநல ஆலோசனைக்காக அரசு நடத்தும் இலவசத் தொலைபேசிச் சேவை.

சித்திரை ஒன்று அன்று

முந்தைய இரவே கனி வைக்கும் வழக்கம் கொங்குப் பகுதியிலும் குமரி மாவட்டத்திலும் உண்டு. தட்டில் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, பூ, நாணயம், நகை ஆகியவற்றை அடுக்கி, பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைப்பார்கள். காலையில் கண் விழித்ததும் அதைப் பார்ப்பவர், கண்ணாடியில் கலைந்த தலையோடு தன் முகத்தையும் பார்ப்பார். உங்கள் வீட்டில் இந்த வழக்கம் இருந்தால், தேர்ந்தெடுத்த பழக்கத்துக்கான பொருளையும் அந்தத் தட்டருகே வையுங்கள். நோட்டோ, பாடப் புத்தகமோ, வீணையின் மீட்டுக் கம்பியோ எதுவானாலும் சரி. நடைச் செருப்பைக் கனித்தட்டருகே வைக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள்; அதை வாசலிலேயே நேராகத் திருப்பி வைத்துவிட்டுப் படுக்கலாம்.

இலங்கையில் மூலிகைகள் சேர்த்துக் காய்ச்சிய மருத்துநீரைத் தேய்த்து நீராடிய பிறகு, குறித்த நேரத்தில் பெரியவர்கள் கையால் கைவிசேடம் என்னும் புத்தாண்டுக் காசை வாங்குவார்கள். அங்கே ஆண்டின் முதல் கொடுக்கல் வாங்கல், முதல் வேலை என எல்லாவற்றுக்கும் நேரம் குறித்துத் தொடங்கும் வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த ஒழுங்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் செயலுக்கு ஒரு நேரம் குறிப்பது. அந்த நேரம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பாக இருக்கட்டும். வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு நடந்த புரட்சி எதையும் நான் கண்டதில்லை.

செய்வதும் நல்லேர் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வாசித்தால் போதும், கோயில் வரை நடந்தால் போதும், மூன்று வரி எழுதினால் போதும். உற்சாகத்தில் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு மறுநாள் கெண்டைக்கால் வலியோடு படுத்துக்கொள்வதே ஆரம்பசூரத்தனத்தின் இலக்கணம். ஊரார்க்கு அறிவிப்பதையும் தவிர்க்கச் சொல்வேன். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதுமானது.

மாங்காய்ப் பச்சடியைப் பற்றி ஒரு வார்த்தை. அறுசுவைக்கும் விளக்கம் சொல்லுவார்கள். அது எல்லோருக்கும் தெரிந்ததே. நான் சொல்லவருவது வேப்பம்பூவைச் சேர்க்கும் விதத்தை. மாங்காயோடு சேர்த்து வேகவைத்தால் கசப்பு முழுவதும் ஊறிப் பச்சடியே வாயில் வைக்க முடியாமல் போகும். மாங்காய் வெந்து, வெல்லம் கரைந்து, உப்பும் மிளகாயும் சேர்ந்த பிறகு, தனியே ஒரு கரண்டி நெய்யில் பூவைச் சிவக்க வறுத்துக் கடைசியில் மேலே போடுவதுதான் முறை. திட்டத்திலும் கசப்பை இப்படித்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. அன்று மாலையே உட்கார்ந்து, வரும் இரண்டு மாதங்களில் பழக்கம் தடைபடக்கூடிய நாட்களை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். வைகாசி முகூர்த்தங்கள், ஊர்க் கொடை, அலுவலகப் பயணம், பிள்ளைகளின் விடுமுறை எல்லாம் அதில் வரட்டும். மே மாதத்தின் பெரும்பகுதியை அக்கினி நட்சத்திரம் எடுத்துக்கொள்ளும் என்பதால், மாலை நடை என்று எழுதியவர்கள் அந்த நாட்களுக்கு அதிகாலையை மாற்று நேரமாக இப்போதே எழுதிவிட வேண்டும்.

அறுபத்தாறு நாள்

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் அச்சான கட்டுரையில் வேறு கணக்கைச் சொன்னார்கள். நடுத்தரமாக 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாள் முதல், 12 வாரத்தைத் தாண்டிய கணிப்பாக, 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன, உடற்பயிற்சி போன்றவற்றுக்கு நெடுநாள் ஆனது. அதே ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு இன்னும் பிடித்தமானது: இடையில் ஒரு நாள் விடுபட்டதால் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை.

ஏப்ரல் 14-ஐ முதல் நாளாகக் கொண்டால் ஜூன் 18 அன்று 66 நாள் நிறைகிறது. அது ஆனி முதல் வாரம். கரிசல் காட்டில் அப்போதும் விதைப்பு வந்திராது. கோடை உழவு நடந்த நிலம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். மண்ணுக்குள் இருந்த கூட்டுப்புழுக்களும் களைகளின் வேர்களும் மேலே வந்து கருகியிருக்கும். பெய்யும் கோடைமழை ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொலவடை சொல்வது இந்த வேலையைத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் புழுதிக்காடு. உங்கள் பழக்கமும் ஆனி வரைக்கும் அப்படித்தான் தெரியும். எடை குறைந்திராது, சேமிப்பு பெருகியிராது. அதனால் இந்த 66 நாட்களில் பலனை அளக்காதீர்கள், செய்தோமா இல்லையா என்பதை மட்டும் குறியுங்கள்.

குறிப்பதற்குத் தினசரிக் காலண்டரைவிட நல்ல கருவி எனக்கு அகப்படவில்லை. காலையில் தாளைக் கிழிப்பது எப்படியும் நடக்கிற வேலை. கிழித்த தாளின் பின்புறம் நேற்றுச் செய்திருந்தால் ஒரு கோடு போட்டு, காலண்டர் ஆணியிலேயே திரும்பக் குத்திவிடுங்கள். கோடில்லாத தாளைக் குப்பையில் போடலாம். மாதக் கடைசியில் ஆணியில் சேர்ந்திருக்கும் தாள்களின் கனமே கணக்கு.

முழு அளவு, குறை அளவு என்று இரண்டு வைத்துக்கொள்வதும் உதவும். கல்யாண வீட்டில் இருக்கும் நாளில் மூன்று வரிக்குப் பதில் மொத்தத் தொகையை மட்டும் எழுதினாலும் அன்றைய தாளுக்குக் கோடு உண்டு. தொடர்ந்து ஒரு வாரம் குறை அளவிலேயே ஓடினால், முழு அளவு பெரிதாகிவிட்டது என்று கொண்டு அதைக் குறைத்துவிடுங்கள்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். எனக்கு மூன்றாம் ஆண்டில், மாமனார் உடல்நலமின்றி இருந்தபோது, ஐந்து வாரம் நோட்டைத் தொடவே இல்லை. திரும்பவும் தொடங்கியபோது, விட்ட நாட்களின் செலவையெல்லாம் நினைவுபடுத்தி எழுதிச் சரிக்கட்ட முயன்றதுதான் நான் செய்த பிழை. இரண்டு இரவு உட்கார்ந்தும் முடியவில்லை. முடிக்காமல் தொடரக் கூடாது என்ற வைராக்கியத்தில் மேலும் பத்து நாள் போயிற்று. கடைசியில் என் மனைவிதான் அந்த இடத்தில் ‘அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார்’ என்று ஒரே வரி எழுதி, கீழே கோடு கிழித்து, அன்றைய காய்கறிச் செலவை எழுதினாள். முன் பாக்கி ஒரு வரிதான் பிடிக்கும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

விட்ட இடத்திலிருந்து தொடர நல்ல நாள் தேடுபவர்களுக்கு நம் நாட்காட்டி தாராளமாகவே இடம் கொடுக்கிறது. ஆடிப்பெருக்கு, விஜயதசமி, கார்த்திகை தீபம், போகி எனத் தொடங்குவதற்கான சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. அதற்காக ஆனியில் விட்டவர் விஜயதசமி வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே போதும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடியில்தான் அளவைக் கூட்டலாம். கோயில் வரை நடந்தவர் குளக்கரை வரை போகலாம். நான் அந்தச் சமயத்தில்தான் செலவோடு வரவையும் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பழக்கம் ஒன்றைச் சேர்ப்பதானாலும் ஆடிக்குப் பிறகே சேருங்கள், அதுவும் முதலாவது பழக்கம் நினைவூட்டலின்றி நடக்கிறது என்று வீட்டார் சொன்னால் மட்டும். மார்கழியில், ஜனவரி டைரிகள் வரும் நேரத்தில், புதிய சபதம் எடுக்கும் ஆசை மீண்டும் தலைதூக்கும். டைரியை வாங்கி, பால் கணக்கு எழுதுபவரிடம் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பங்குனியில் அதே நான்கு இரவுகள் வரும். பழைய நோட்டின் நான்கு பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு, தீர்ந்துபோன பற்றுகளை ஒரே கோடாக அடித்துவிடுங்கள். தீராதவற்றைக் கூட்டி, அவற்றைப் புதிய நோட்டின் முதல் பக்கத்துக்கு முன் பாக்கியாகக் கொண்டுவாருங்கள். பிறகு பழைய நோட்டிலிருந்து சணலை அவிழ்த்து, பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துப் புதிய நோட்டில் கட்டி, அதே ஆணியில் மாட்டிவிட வேண்டும்.